பழைய ‘ஹாட் ஹேட்ச்’ வாசலுக்கு வந்தாச்சு: குணம் எது, குறை எது?

பெரம்பலூர் மாவட்டம் செட்டிகுளம் என்றால் சின்ன வெங்காயமும், மலைமேல் கையில் கரும்போடு நிற்கும் தண்டாயுதபாணியும்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். வெங்காய மூட்டை ஏற்றிய மினி லாரியும் டிராக்டரும் போய்வரும் அந்த ஊர்த் தெருவில், பத்து வயதான குட்டிக் கார் ஒன்று உறுமிக்கொண்டு வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளை, புதிதாக வந்தபோது வாங்க முடியாத காரை இப்போது பாதிக்கும் குறைந்த விலையில் வாங்கி வந்திருக்கிறான். முதல் நாள் மாலை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கியாகிவிட்டது. இரண்டாம் நாளிலிருந்து வீட்டில் கேள்விகள் ஆரம்பிக்கும்.

பார்க்கச் சாதாரண ஹேட்ச்பேக், உள்ளே பெரிய வண்டியின் வேகம். இதைத்தான் ‘ஹாட் ஹேட்ச்’ என்கிறார்கள். 1976இல் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜி.டி.ஐ., 110 குதிரைத்திறனோடு இந்த வகையைப் பிரபலமாக்கியது. நம் நாட்டில் 2001இல் வந்த ஃபியட் பாலியோ 1.6, 2013இல் போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ., 2015இல் 145 குதிரைத்திறன் கொண்ட அபார்த் புன்டோ, 2017இல் பலேனோ ஆர்.எஸ்., 2018இல் கோவையின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் சேர்ந்து கொண்டுவந்த டியாகோ ஜே.டி.பி. என்று வரிசையாக வந்தன. இன்று இவை எதுவும் புதிதாகக் கிடைக்காது. அதனால்தான் செகண்ட் ஹேண்டில் இவற்றுக்கு இத்தனை மவுசு.

இந்தக் கார்கள் செய்யும் சேட்டைகளை மூன்றாகப் பிரித்துவிடலாம். ஒன்று, பிறவிக் குணம். இதற்குச் செலவு செய்வது வீண். இரண்டு, வயசுக் கோளாறு. இதற்குச் செலவு செய்தே ஆக வேண்டும். மூன்று, பழைய ஓனர் கைவைத்தது. இதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். எது எந்த ரகம் என்று தெரியாமல் மெக்கானிக்கிடம் போனால் நல்ல பாகம் மாறும், கெட்ட பாகம் அப்படியே இருக்கும்.

“நின்னா ஏன்டா இப்படி நடுங்குது?”

அப்பாவின் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். பதில் சொல்வதற்கு முன்னால் இன்ஜினில் எத்தனை சிலிண்டர் என்று பார்க்க வேண்டும். பலேனோ ஆர்.எஸ்., டியாகோ ஜே.டி.பி. இரண்டிலும் இருப்பது மூன்று சிலிண்டர் இன்ஜின். நிற்கும்போது லேசான நடுக்கம் அதன் பிறவிக் குணம். வண்டி ஓடத் தொடங்கியதும் மறைந்துவிடும். போலோ 1.2 டி.எஸ்.ஐ., அபார்த் புன்டோ இரண்டும் நான்கு சிலிண்டர். அவை நின்ற இடத்தில் உதறினால் ஸ்பார்க் பிளக், இக்னிஷன் காயில், இன்ஜின் மவுன்டிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். மவுன்டிங்கில் இருப்பது ரப்பர். பத்து வருஷத்தில் அது இறுகிப்போவது இயல்பு.

இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் ஓட்டக் கூடாது. ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் வெளியே போகிறது என்று அர்த்தம். அந்தப் பெட்ரோல் சைலன்சருக்கு முன்னால் இருக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைக் கெடுத்துவிடும். காயில் செலவோடு முடிய வேண்டியது, கன்வெர்ட்டர் செலவு வரை போகும்.

“மெதுவா போனா வெட்டி வெட்டிப் போகுதே?”

போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. வாங்கியவர்கள் அதிகம் கேட்பது இது. அதில் இருப்பது ஏழு கியர் டி.எஸ்.ஜி. ஒற்றைப்படை கியருக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொன்று. இரண்டுமே ஆயிலில் மூழ்காத உலர் கிளட்ச். கிளட்ச் பெடல் இல்லையே தவிர, உள்ளே நடப்பது சாதாரணக் காரில் பாதி கிளட்சில் ஓட்டுவது போலத்தான். நெரிசலில் அங்குலம் அங்குலமாக நகர்த்தினால் சூடாகும், தேயும்.

சின்ன தயக்கம் குணம். மாடிப்படி இறங்குவது போன்ற உதறல், கியர் விழாமல் போவது, கியர் எண் மின்னுவது எல்லாம் குறை. கியரை மாற்றித் தரும் ‘மெகட்ரானிக்’ யூனிட் போனால் செலவு லட்சத்தைத் தாண்டலாம். ஆகவே காசு கொடுப்பதற்கு முன்னால் ஸ்கேனர் போட்டுப் பார்ப்பது அவசியம்.

2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன் உலகம் முழுவதும் சுமார் 16 லட்சம் வண்டிகளை இந்த ஏழு கியர் பெட்டிக்காகத் திரும்ப அழைத்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஊர்களில் சிந்தெடிக் ஆயிலால் மின்கோளாறு வரலாம் என்று மினரல் ஆயிலுக்கு மாற்றியது. அந்தக் காலத்து வண்டி என்றால் அந்த வேலை முடிந்ததா என்று சர்வீஸ் பதிவில் பார்க்கலாம். ஓட்டும் முறையிலும் ஒன்று உண்டு. மேட்டில் ஆக்சிலரேட்டரை அழுத்தி வண்டியை நிறுத்திப் பிடிக்காமல், பிரேக்கில் நிறுத்த வேண்டும். முன்னால் நல்ல இடைவெளி விழுந்த பிறகு நகர்ந்தால் போதும்.

“முதல்ல சும்மா இருக்கு, அப்புறம் திடீர்னு பாயுது!”

இது டர்போவின் குணம். வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் அனுப்புகிறது. இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது புகையும் குறைவு, அழுத்தமும் குறைவு. சுற்று ஏறிய பிறகுதான் உண்மையான பலம் வரும்.

ஓட்டுபவர் இதைப் பழகாவிட்டால் ஆபத்து. ஆலத்தூர் கேட்டில் திருச்சி – சென்னை நெடுஞ்சாலையில் ஏறும்போது, லாரிக்கு முன்னால் புகுந்துவிடலாம் என்று மிதித்தால் கார் ஒரு நொடி யோசிக்கும். அந்த ஒரு நொடிதான் பிரச்னை. முதல் ஒரு மாதம் ஓவர்டேக் செய்வதில் அவசரம் கூடாது. கியரைக் குறைத்து, சுற்று ஏறிய பிறகே முந்த வேண்டும்.

டர்போவின் உயிர் ஆயிலில் இருக்கிறது. கம்பெனி சொன்ன தர ஆயிலை, சொன்ன காலத்துக்கு முன்பே மாற்றுவது பழைய வண்டிக்கு நல்லது. நெடுஞ்சாலையில் விரட்டி வந்து நிறுத்தினால், உடனே சாவியைத் திருப்பாமல் ஒரு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். சைலன்சரில் நீலப் புகை வந்தாலோ, ஆயில் அளவு சீக்கிரம் குறைந்தாலோ அது குணம் இல்லை, தேய்மானம்.

“பிரேக் கல்லு மாதிரி இருக்கு...”

இந்த ஒரு கேள்வியில் மட்டும் ‘பழகிடும்’ என்ற பதிலே கிடையாது. பிரேக் பெடல் இறுகினால் வண்டியை நிறுத்தி, காரணம் தெரிந்த பிறகே எடுக்க வேண்டும்.

இதற்கு ஓர் உண்மை உதாரணம் உண்டு. 2023 ஏப்ரலில் மாருதி சுஸுகி 7,213 பலேனோ ஆர்.எஸ். கார்களைத் திரும்ப அழைத்தது. 2016 அக்டோபர் 27 முதல் 2019 நவம்பர் 1 வரை தயாரானவை அவை. பிரேக்குக்கு உதவும் வேக்குவம் பம்ப்பில் குறை இருக்கலாம், இருந்தால் பெடலை அதிக பலத்தோடு மிதிக்க வேண்டிவரும் என்பதுதான் காரணம். பாகத்தை இலவசமாக மாற்றித் தருவதாகவும் கம்பெனி சொன்னது.

இப்படிப்பட்ட தகவல் முதல் ஓனரின் போனுக்குப் போயிருக்கும். அவர் அதற்குள் வண்டியை விற்றிருந்தால், வாங்கியவருக்குச் சேதியே தெரியாது. அதனால் எந்தக் கம்பெனி காராக இருந்தாலும், சேஸிஸ் எண்ணைச் சொல்லி ‘ரீகால் பாக்கி இருக்கிறதா?’ என்று கேட்பது முதல் வாரத்து வேலை.

“பின்னாடி உட்கார்ந்தா முதுகு போகுதுப்பா!”

அம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. வளைவில் கார் சாயாமல் இருக்க சஸ்பென்ஷனை இறுக்கமாக வைத்திருப்பார்கள். டயரின் பக்கச் சுவரும் குட்டையாக இருக்கும். அதனால் ஸ்பீடு பிரேக்கர் ஒவ்வொன்றும் முதுகில் தெரியும். இது குணம். ஐந்து பேர் ஏறினால் அடிவயிறு உரசவும் உரசும். வேகத்தடையைக் கொஞ்சம் சாய்வாக ஏறி இறங்க வேண்டியதுதான். ‘டக் டக்’ என்று ஒரு பக்கம் மட்டும் சத்தம் வந்தால் அது தேய்ந்த புஷ் அல்லது லிங்க் ராடு, பெரிய செலவில்லை.

டயரின் வயசையும் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. பட்டன் எவ்வளவு நன்றாக இருந்தாலும், ரப்பர் காய்ந்து வெடிப்பு விட்டிருந்தால் அந்த டயர் வேகத்துக்கு ஆகாது.

“பெட்ரோல் இவ்வளவு குடிக்குதே?”

வேகமாக ஓட்டினால் டர்போ தாராளமாகக் குடிக்கும். அது குணம்தான். ஆனால் இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்கும் இலக்கை 2025இல் நாடு எட்டியது. நம் பழைய ஹாட் ஹேட்ச்கள் இந்த இ20 பெட்ரோலுக்காகப் பிறந்தவை அல்ல. அவ்வளவு எத்தனாலுக்கு அமைக்கப்படாத நான்கு சக்கர வாகனங்களில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக் 2021 அறிக்கையிலேயே சொல்லியிருந்தது.

பத்து வருஷம் ஆன பெட்ரோல் ஹோஸ், ரப்பர் சீல்களைச் சர்வீஸில் ஒருமுறை பார்க்கச் சொல்வது நல்லது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பிள்ளை ஊருக்குப் போன பிறகு வண்டி மாதக்கணக்கில் கொட்டகையில் நின்றால் சேட்டை கூடும். வாரம் ஒருமுறையாவது யாராவது நாலு கிலோமீட்டர் ஓட்டிவர வேண்டும்.

“முந்தின ஓனர் என்னமோ பண்ணியிருக்காருங்க...”

மெக்கானிக் இப்படி இழுத்தால் கவனமாகக் கேட்க வேண்டும். இந்த வகைக் கார்களில் கம்ப்யூட்டர் மென்பொருளை மாற்றிப் பலத்தை ஏற்றும் ‘ரீமேப்’ பழக்கம் உண்டு. சைலன்சர், ஏர் ஃபில்டர் என்று வெளியிலும் மாற்றியிருப்பார்கள். கூடுதல் பலத்தைத் தாங்க வேண்டியது அதே பழைய கிளட்ச், அதே கியர்பெட்டி.

சட்டமும் குறுக்கே நிற்கும். தயாரிப்பாளர் தந்த வடிவத்திலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இன்ஷூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டை மறுக்கவும் வழி இருக்கிறது. பழைய நிலைக்குத் திருப்புவதே குடும்ப வண்டிக்குப் பாதுகாப்பு.

பேப்பரில் இருக்கும் குறை

வண்டியில் இருக்கும் குறையைவிடப் பேப்பரில் இருக்கும் குறை வீட்டை அதிகம் பாதிக்கும். ஒரே மாநிலத்துக்குள் விற்றால் விற்றவர் 14 நாட்களுக்குள், வாங்கியவர் 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வில் தெரிவிக்க வேண்டும். இதற்குப் படிவம் 29, 30. பெங்களூரு, புதுச்சேரி வண்டி என்றால் அங்கிருந்து தடையில்லாச் சான்றும், இங்கே கட்ட வேண்டிய வரியும் சேரும். விலை குறைவாகத் தெரிந்தது அதனால்கூட இருக்கலாம். பழைய கார் லோன் பதிவு ஆர்.சி.யில் நீக்கப்பட்டதா, அபராதம் பாக்கி உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

இன்ஷூரன்ஸையும் 14 நாட்களுக்குள் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். மாற்றாவிட்டால் விபத்தில் சொந்த வண்டியின் சேதத்துக்குப் பணம் கிடைப்பது சந்தேகம். விற்றவரின் ‘நோ கிளெய்ம் போனஸ்’ அவரோடு போய்விடும். விற்பவருக்கும் பொறுப்பு தீராது. பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. தனியார் பெட்ரோல் காரின் பதிவுக்கு ஆயுள் 15 வருஷம். பிறகு ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். 2013 மாடல் வாங்குகிறவருக்கு அந்த நாள் தூரத்தில் இல்லை.

எவ்வளவு ஒதுக்குவது?

பழைய விலையில் காரை வாங்கலாம். பழைய விலையில் ஸ்பேர் வாங்க முடியாது. நாலு லட்சத்துக்கு வாங்கிய போலோவுக்கும், பத்து லட்சத்துக்கு விற்ற போலோவின் பாகம்தான் போட்டாக வேண்டும். ஃபியட் நாட்டில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. அபார்த் வாங்குகிறவர் பாகம் தேடி அலையவும் தயாராக இருக்க வேண்டும். ஆகவே கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடாமல், ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் வருஷச் செலவுக்கு ஒதுக்கி வைப்பது புத்திசாலித்தனம்.

அதில் முதல் செலவு பிரேக்குக்கு. அடுத்தது டயர். பிறகு ஆயில், பிளக், பேட்டரி. பாட்டு சிஸ்டமும் ஸ்டிக்கரும் கடைசி. கூடவே டேஷ்போர்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு: எந்தச் சத்தம், எத்தனாவது கிலோமீட்டரில், வண்டி சூடாக இருந்தபோதா, ஆறியபோதா என்று எழுதி வைத்தால் மெக்கானிக்குக் காரணம் சீக்கிரம் பிடிபடும். மூன்று மாதத்தில் அந்த நோட்டே சொல்லிவிடும், இந்தக் காரோடு வாழ முடியுமா, நல்ல விலை வரும்போதே கொடுத்துவிடலாமா என்று.