"இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்ற வாதம்

பிறவியிலேயே ஹிருதயத்தில் குறையோடு பிறந்த ஒருவர் முப்பது, நாற்பது பிராயத்தை எட்டிய பிறகு, கால் வீங்கி, வயிறு உப்பி, தலையணையை உயர்த்தி வைத்தாலன்றிப் படுக்க முடியாத நிலையை அடைந்துவிட்டால், காரைக்காலைச் சேர்ந்த வரிச்சிக்குடியிலாகட்டும் பக்கத்துக் கோட்டுச்சேரியிலாகட்டும், பார்க்க வருகிறவர்கள் திண்ணையில் உட்கார்ந்து சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "ஓட்டை இருதயம், அப்பவே அடைச்சிருக்கணும். இனிமே பண்றதுக்கு என்ன இருக்கு?" பரிவினால் சொல்லப்படுவதாயினும் இந்த அபிப்பிராயம் பிழையானது, தகுந்த காலத்தில் காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்களை இது வீட்டு மூலையிலேயே கிடத்திவிடுகிறது. ஆகையால் இதற்கு ஆதாரமாகச் சொல்லப்படுவனவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஆராய விரும்புகிறேன்.

"சிறு வயதிலேயே ஆபரேஷன் ஆயிற்று, வியாதி அத்தோடு தீர்ந்தது, இப்போது வந்திருப்பது விதி" என்பது முதல் வாதம். சிறு துவாரத்தைக் குழந்தைப் பருவத்திலேயே அடைத்தவர்களுக்கு இது பெரும்பாலும் பொருந்தும். சிக்கலான குறைகளுக்குப் பொருந்தாது. நான்கு குறைகள் சேர்ந்து குழந்தையை நீலம் பாரிக்கச் செய்யும் நோயை 1888-இல் மார்செய் நகரத்து ஃபாலோ விவரித்தார். 1944-இல் பால்டிமோரில் பிளாலாக், டாஸிக், தாமஸ் ஆகிய மூவரின் முயற்சியால் அதற்குத் தற்காலிக நிவாரணமும், 1954-இல் சஸ்திர வைத்தியர் லில்லஹை கையால் முழுச் சீரமைப்பும் கிடைத்தன. ஒற்றைக் கீழறையோடு பிறந்தவர்களுக்கு வழி திறந்தவர் போர்தோ நகரத்து ஃபோன்தான். அவர் அந்தச் சிகிச்சையை முதன்முதல் செய்தது 1968-இல். ஆனால் ஃபாலோ நோய்க்குச் செய்யும் சீரமைப்பில் நுரையீரலுக்குப் போகும் வாயிலை அகலப்படுத்துகையில் அங்குள்ள வால்வு பலருக்குப் பயனற்றுப் போய், ரத்தம் பல்லாண்டுகள் பின்னோக்கிக் கசிந்து வலது கீழறையைப் பெருக்க வைக்கிறது; ஃபோன்தான் முறையிலோ, இறைக்கும் அறையின் உதவியின்றியே ரத்தம் நுரையீரலுக்குப் போக வேண்டியிருப்பதால், சிரைகளில் தேங்கும் அழுத்தம் நாளடைவில் ஈரலைக் கெடுக்கிறது. சீரமைத்தது குணமாக்கியது ஆகாது. ஆயுள் முழுவதும் இவர்களைப் பரிசோதித்து வர வேண்டும்.

"மூச்சு வாங்குவதாக அவளே சொல்லவில்லையே" என்பது மற்றொரு வாதம். பிறந்த நாள் தொட்டு முழு மூச்சை அறியாதவள் எதனோடு ஒப்பிட்டுச் சொல்வாள்? தெருக்குழாயிலிருந்து குடத்தைத் தூக்கி வரும்போது வேலியோரம் இரண்டு முறை இறக்கி வைப்பதை அவள் பழக்கம் என்கிறாள்; வைத்தியர் அதை வியாதி என்று படிக்கக் கற்க வேண்டும். "உன் வயசுப் பொண்ணுங்களோட நடந்தா நீ பின்தங்குறியாம்மா?" என்று கேட்டால் வரும் பதில் வேறு. நடக்க வைத்தும், எக்கோ எடுத்தும் பார்ப்பது அந்தப் பதிலுக்குப் பிறகு செய்ய வேண்டியது.

எல்லாவற்றிலும் அபாயகரமானது, "ஹிருதயம் தளர்ந்தால் எல்லோருக்கும் ஒரே மாத்திரைதான், அதைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதே வழி" என்ற எண்ணம். மாரடைப்பினால் தளர்ந்த இடது கீழறையில் சோதித்துத் தேறிய மருந்துகள், உடம்பு முழுவதற்கும் ரத்தம் இறைக்கும் பொறுப்பைப் பிறவியிலேயே ஏற்றுக்கொண்ட வலது கீழறைக்கு அதே பலனைத் தரும் என்பதற்குப் போதிய நிரூபணம் இல்லை. ஃபோன்தான் சிகிச்சை பெற்றவருக்கு நீர் பிரியும் மாத்திரையை அளவு மீறிக் கொடுத்தால் ஹிருதயத்துக்கு வந்து சேரும் ரத்தமே குறைந்து மயக்கம் வரும். துவாரத்தினால் நுரையீரலில் ரத்த அழுத்தம் ஏறி, ரத்தம் திசைமாறி ஓடும் ஐஸன்மெங்கர் நிலையை அடைந்தவரின் துவாரத்தை அடைப்பது அவர் உயிருக்கே ஆபத்து. ரத்தம் தடித்துவிட்டதென்று அடிக்கடி எடுத்துவிடுவதோ இரும்புச் சத்தைக் குறைத்துப் பக்கவாதத்துக்கு இடம் கொடுக்கிறது. அவர்களுக்கும் போசென்டான் என்ற மருந்தால் நடக்கும் சக்தி கூடுகிறதென்று 2006-இல் வெளியான சோதனை காட்டிற்று.

ஆகவே மாத்திரைக்கு முன்னால் காரணத்தைத் தேட வேண்டும். பல சமயங்களில் அது அகப்பட்டும் விடுகிறது. பழைய தழும்பைச் சுற்றி ஓடும் மின்னோட்டம் மேலறையைத் தாறுமாறாகத் துடிக்க வைத்திருக்கலாம். அதை நிறுத்திய சில வாரங்களில் கால் வீக்கம் வடிவதுண்டு. கசியும் வால்வுக்குப் பதில், தகுதியுள்ளவர்களுக்கு, மார்பைத் திறக்காமல் தொடைச் சிரை வழியாகவே புது வால்வு வைக்கிறார்கள். எஞ்சிய துவாரம், சுருங்கிய குழாய், பேஸ்மேக்கர் துடிப்பின் கோளாறு, தைராய்டு, ரத்தசோகை ஆகிய ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் உண்டு. ஆனால் முதலில் எந்தச் சஸ்திர சிகிச்சை நடந்தது என்பது தெரிய வேண்டும். இரும்புப் பெட்டியில் பட்டுப்புடைவைக்கு அடியில் மடித்து வைத்து மக்கிப்போன டிஸ்சார்ஜ் காகிதத்தைவிட அந்த வீட்டில் மதிப்புள்ள பத்திரம் வேறில்லை. அதற்கு நகலெடுத்து வைக்கும்படி ஒவ்வொரு குடும்பத்துக்கும் சொல்ல வேண்டியது வைத்தியர் கடமை.

"மாற்று ஹிருதயமா? அது நமக்கு எட்டாது, இவர்களுக்குப் பலிக்கவும் பலிக்காது" என்பார்கள். 1994 ஆகஸ்ட் 3-ஆம் தேதி டில்லியில் டாக்டர் வேணுகோபால் இத்தேசத்தின் முதல் வெற்றிகரமான ஹிருதய மாற்றைச் செய்தார். உறுப்பு மாற்றுச் சட்டம் பிறந்ததும் அவ்வருஷமே. 2008 முதல் தமிழ்நாட்டில் மூளைச்சாவடைந்தவர்களின் உறுப்புகளைப் பங்கிடும் ஒழுங்கு நிலைபெற்றது. மறுமுறை மார்பைத் திறப்பதில் ரத்தப்போக்கு அதிகமாவதால் பிறவிக் குறையுள்ளவர்களுக்கு முதல் வருஷ அபாயம் கூடுதல் என்பது உண்மை. அந்த வருஷத்தைத் தாண்டியவர்கள் மற்றவர்களுக்குச் சமமாகவோ அவர்களைவிட நீடித்தோ வாழ்கிறார்கள் என்பதும் அதே அளவு உண்மை. ஈரலும் சிறுநீரகமும் கெட்ட பிறகு அனுப்பிவிட்டு, முடிவு நன்றாயில்லை என்று சிகிச்சையைக் குறைகூறுவது நியாயமன்று. காரைக்காலிலேயே 2016 முதல் ஜிப்மர் மருத்துவ நிறுவனத்தின் கிளை இயங்குகிறது; புதுச்சேரியிலுள்ள தாய் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுவதைத் தள்ளிப்போட எந்த முகாந்திரமும் இல்லை.

கடைசியாக, வலி தணிப்பதும் மூச்சுத்திணறலைக் குறைப்பதும் கைவிட்ட பிறகே செய்வன என்று நினைக்கிறார்கள். மாற்று ஹிருதயத்துக்குக் காத்திருப்பவருக்கும் அவை வேண்டும். வைத்தியரின் மேற்பார்வையில் சிறிதளவு மார்ஃபின் இரவு மூச்சைச் சுலபமாக்கக்கூடும். இன்னும் எவ்வளவு சிகிச்சை வேண்டும், எங்கே இருக்க விருப்பம் என்பதை நோயாளியிடமே, அவர் தெளிவாகப் பேசக்கூடிய நாளில், உட்கார்ந்து கேட்டு எழுதி வைக்க வேண்டும்.