ஈரச் சுவரில் பெயின்ட் அடித்துக் கணக்கை முடிக்காதே!



டிசம்பர் பிறந்தால் மலையில் பனி இறங்குகிறதோ இல்லையோ, லயங்களில் பெயின்ட் வாளி இறங்கிவிடுகிறது. வருட முடிவுக்குள் ஒதுக்கிய பணத்துக்குச் செலவு காட்ட வேண்டும். பாதையோரச் சுவர் இரண்டு நாளில் பளபளக்கும். சித்திரைக்குள் செதில் செதிலாக உரியும். பழி யார் தலையில்? "இவர்களுக்கு வீட்டை வைத்துக்கொள்ளத் தெரியாது" என்று தொழிலாளி தலையில்!

குற்றம் தொழிலாளியிடம் இல்லை. தண்ணீர் கலந்து அடிக்கும் பெயின்டில் நீர் ஆவியாகி, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டினால்தான் அது தோலாக இறுகும். குளிரில் அவை ஒட்டாது. கையால் தடவினால் மாவாக வரும். 10 பாகை செல்சியஸுக்குக் கீழே பூச வேண்டாம் என்பதே இவ்வகைப் பெயின்டுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விதி. நுவரெலியா சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை அங்கே இரவுக் குளிர் 10 பாகைக்குக் கீழே போவது வழக்கம். மாலை நாலு மணிக்கு அடித்த சுவரில் ஆறு மணிக்கு மூடுபனி படிந்தால் எப்படிக் காயும்?

"குளிரைச் சாட்டி வேலையைத் தட்டிக்கழிக்கிறார்கள்" என்பார்கள். இல்லை! காலம் பார்த்துச் செய் என்கிறோம். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் வரை மழை குறைவு. ஊவாப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வறண்ட காற்று வீசும். கொழுந்துக்குப் பருவம் பார்க்கத் தெரிந்த நிர்வாகத்துக்குச் சுவருக்குப் பார்க்கத் தெரியாதா?

அதைவிடப் பெரிய மோசடி ஒன்று உண்டு. கூரைத் தகரம் ஓட்டை, பீலி உடைசல், பின்பக்கக் கான் மண்மூடிக் கிடக்கிறது. மேலிருந்தும் கீழிருந்தும் சுவர் தண்ணீர் குடிக்கிறது. அதன் மேல் பெயின்ட் அடித்தால் உள்ளே அடைபட்ட ஈரம் கொப்பளமாக வெடிக்கும். உள்ளே குழந்தைகளுக்கு இருமல், வெளியே புகைப்படத்துக்குப் புதுச்சுவர்!

எனவே கோருகிறோம்:

முதலில் கூரை, பீலி, கான் திருத்தப்பட வேண்டும். பாசியைச் சுரண்டிக் கழுவி, சுவர் காய்ந்த பிறகே பூச்சு. புதிய சீமெந்துப் பூச்சை நான்கு வாரமாவது ஆறவிட வேண்டும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு, ஈரத்தை வெளியே விடும் சுண்ணாம்பே போதும். குளிர் மாதங்களில் காலை 10 முதல் பிற்பகல் 2 வரையே பூச்சு வேலை. ஆனால் தொழிலாளிக்கு முழுப் பேர் போட வேண்டும்.

தோட்டத் தலைவர்களே, மாதர் சங்கத் தலைவிகளே! வாளி வந்து இறங்கும் நாளில் சுவரைத் தொட்டுப் பாருங்கள். கை ஈரமானால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். நமக்கு வேண்டியது காய்ந்த வீடு. வர்ணம் பூசிய ஈரமல்ல!