நோயாளியின் தலைமாட்டில் யார் நிற்பது?



பெப்ரவரி 4ஆந் திகதி வந்தால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடை வாசல்களில் சிங்கக் கொடி பறக்கும். பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறை. ஆனால் அந்தச் சுதந்திரத்தில் நம்மவர்களின் பங்கு என்ன என்று பிள்ளைகள் கேட்டால், நம்மில் எத்தனை பேருக்குப் பதில் தெரியும்?

1945 நவம்பரில் அரசாங்க சபையிலே சோல்பரி வெள்ளை அறிக்கையை ஏற்பதா என்ற பிரேரணை வந்தது. ஆதரவாக 51 வாக்குகள், எதிராக 3. ஸாஹிராக் கல்லூரி அதிபராயிருந்த மர்ஹூம் டி.பி. ஜாயா அவர்கள் அதனை ஆதரித்தார்கள். நாட்டின் விடுதலை என்று வரும்போது சமூகத்துக்கான சலுகைகளைக் காட்டிப் பேரம் பேசுவது முறையல்ல என்பது அவர்களின் நிலைப்பாடு. 1947இல் மத்திய கொழும்பில் வெற்றி பெற்று, முதலாவது மந்திரி சபையில் தொழில், சமூக சேவைகள் அமைச்சரானார்கள். 1948 பெப்ரவரி 10இல் சுதந்திர இலங்கையின் பாராளுமன்றத்தைக் குளொஸ்டர் கோமகன் திறந்து வைத்தார். ஜாயா அவர்கள் 1960இல் புனித மதீனாவிலே வபாத்தானார்கள்.

பாராளுமன்றத்தில் அன்று நம் பெரியவர்கள் சம்பாதித்த நல்ல பெயரை நாம் பேசிப் பேசி மகிழ்கிறோம். அந்த நாட்டுக்கு இன்று நாம் கொடுப்பது என்ன?

அண்மையில் ஓர் உறவுக்கார மூதாட்டியைப் பார்க்க அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போயிருந்தேன். அந்தப் பெரிய வார்டிலே ஒரே ஒரு தாதி ஓடிக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. நம் மூதாட்டிக்குச் சிங்களம் வராது. உடுப்பு மாற்ற உதவி வேண்டும் என்பதைச் சொல்ல வெட்கப்பட்டு, இரவு முழுக்க நனைந்த சேலையோடு கிடந்திருக்கிறார். அந்தத் தாதியைக் குறை சொல்ல எனக்கு நா எழவில்லை. நாலு பேரின் வேலையை அவர் ஒருவரே செய்துகொண்டிருந்தார்.

2022இன் பொருளாதார நெருக்கடியில் அரச ஊழியர்கள் சம்பளமில்லா விடுமுறையில் ஐந்து வருடங்கள் வரை வெளிநாடு செல்ல அனுமதிக்கப்பட்டார்கள். அவ்வருட இறுதியில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் ஒரேயடியாக ஓய்வு பெற்றார்கள். வைத்தியர்களும் தாதியரும் நூற்றுக்கணக்கில் கடல் கடந்தார்கள். 1987இல் 13ஆவது திருத்தத்தின் மூலம் தமிழும் அரச கரும மொழியானது. ஆனால் தமிழ் பேசும் உத்தியோகத்தர் அந்தக் கதிரையில் இல்லாவிட்டால் சட்டம் எழுத்திலேதான் நிற்கும்.

இதை ஒரு பயானில் சொன்னபோது, கொட்டாஞ்சேனைச் சகோதரி ஒருவர் திரைக்குப் பின்னாலிருந்து கேட்டார்: “ஹஸ்ரத், என்ட மகள் தாதிப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க ஆசைப்படுறா. வாப்பா வேணாம் என்கிறார். இரவு வேலை, அந்நிய ஆண்கள்... மார்க்கம் என்ன சொல்லுது?”

அந்த வாப்பாவின் கவலை நியாயமானதே. அதை நான் இலேசாகத் தள்ளவில்லை. ஆனாலும் சில விடயங்களைச் சொன்னேன். வைத்தியக் கலை பர்ளு கிபாயா என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவிலே எழுதியிருக்கிறார்கள். பிக்ஹு விவாதங்களுக்குக் கூட்டம் கூட்டமாக ஓடுகிறவர்கள் வைத்தியத்தை மற்றவர்களிடம் விட்டுவிட்டார்களே என்றும் வருந்துகிறார்கள். அகழ் யுத்தத்தில் காயப்பட்ட ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்களை, மஸ்ஜிதுந் நபவியில் ருபைதா (ரலி) என்ற அன்ஸாரிப் பெண்மணியின் கூடாரத்தில் வைத்தே பராமரிக்கும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள்.

நம் மனைவிக்குப் பிரசவம் என்றால் பெண் வைத்தியர் வேண்டும், பெண் தாதி வேண்டும் என்று அடம்பிடிக்கிறோம். நம் மகளை மட்டும் அனுப்ப மாட்டோம் என்றால், யாருடைய மகள் வருவாள்?

ஆகவே தாய்மார்களே, க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் மகள் இருந்தால் வர்த்தமானியைப் பார்த்து வையுங்கள். உடை, போக்குவரத்து, இரவுக் கடமை பற்றி முன்கூட்டியே விசாரித்து, வாப்பாவோடு உட்கார்ந்து மஷூரா செய்யுங்கள். பிள்ளைக்குச் சிங்களத்தையும் நன்றாகப் படிப்பியுங்கள். சிங்களத் தாய்க்கும் அவள்தான் பணிவிடை செய்ய வேண்டும்.

கேள்வி கேட்ட சகோதரியின் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை. அல்லாஹ் அவர்களின் உள்ளத்தில் நலவைப் போடுவானாக. ஆமீன்.