தண்ணீர் சுமக்கும் அழகு

கொல்கத்தாவுக்குப் போகிறவர்கள் விக்டோரியா நினைவு மண்டபத்தின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்ளத் தவறுவதில்லை. வடக்கே டாலாவில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க யாரும் போவதில்லை. இத்தனைக்கும் மண்டபத்துக்குப் பத்து ஆண்டுகள் மூத்தது அது.

1909இல் தொடங்கி 1911இல் முடிந்த இரும்புக் கட்டுமானம். சுமார் 110 அடி உயரத்தில், தூண்களின் காடு ஒன்றின் மேல் உட்கார்ந்திருக்கிறது அந்தப் பிரம்மாண்டச் சதுரப் பெட்டி. கொள்ளளவு 90 லட்சம் காலன். நிரம்பினால் தண்ணீரின் எடை மட்டுமே சுமார் 40,000 டன். தூண்களும் குறுக்குச் சட்டங்களும் அந்தச் சுமைக்காகவே நிற்கின்றன. அலங்காரத்துக்கென்று எதுவும் இல்லை. அழகே அதுதான்.

உள்ளே நான்கு அறைகள். ஒன்றைக் காலி செய்து சுத்தம் செய்யும்போதும் மற்றவை நகருக்குத் தண்ணீர் தரும். நூறாண்டு கழித்துப் பெரிய அளவில் பழுது பார்த்தபோதும் இந்த ஏற்பாடுதான் கைகொடுத்தது.

டாலா பிழைத்ததற்குக் காரணம் ரசனை அல்ல, தேவை. மும்பையின் பஞ்சாலைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பல ஆலைகள் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடிகளும் வணிக வளாகங்களும். அரண்மனைக்கு ராஜா போன பிறகும் மதிப்பு உண்டு. தொழிற்கூடத்துக்கோ வேலை போனால் மிஞ்சுவது மனை விலை மட்டும்தான். உழைத்த கட்டடங்களையும் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்க வேண்டும், அவை ஓய்வு பெறும் முன்பே.