சைலன்சர் வெட்டும் தம்பிமாருக்கும் வெட்டிக்கொடுக்கும் நாநாமாருக்கும்



வீதியோரம் வகுப்பறை உள்ள எந்த ஆசிரியருக்கும் இது தெரியும். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்போம். மேட்டில் ஒரு கார் கியரைக் குறைத்து ஏறும். பின்வரிசையில் ஒருவன் "சேர், அது சிவிக்" என்பான். பாடம் அத்தோடு நின்றுவிடும்.

நான் எழுத வந்தது அந்தச் சத்தத்தைப் பற்றி அல்ல. சத்தத்தைப் பொலிஸ் பார்த்துக்கொள்ளும். 2025 ஜனவரியில் கிளீன் ஸ்ரீலங்கா என்று சொல்லி பஸ், முச்சக்கரவண்டிகளில் மேலதிகமாகப் பூட்டியவற்றைக் கழற்றத் தொடங்கியபோது நாடே அதைப் பற்றித்தான் பேசியது. ஆனால் குழாய்க்குள் இருந்த ஒன்று இல்லாமல் போயிருக்கிறதா என்று குனிந்து பார்த்ததை நம் ஊரில் நான் காணவில்லை.

போன மாதம் என்னிடம் படித்த ஒரு தம்பி வீட்டுக்கு வந்தார். பழைய ஜப்பான் கார். மஞ்சள் எஞ்சின் லைட் எரிந்தபடி இருக்கிறது, பெற்றோல் தண்ணீராய்ப் போகிறது. "சென்சர் பழுதாம் சேர், புதுசு போடச் சொல்றாங்க" என்றார். நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன், கெராஜ்காரன் அல்ல. இருந்தாலும் பார்த்தேன். எஞ்சினிலிருந்து வரும் குழாயே மாற்றப்பட்டிருந்தது. கெட்டலிடிக் கன்வேட்டர் இல்லை. அதைக் கழற்றிய இடத்திலேயே விற்றுவிட்டாராம். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. வாங்கியவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்!

ஒட்சிசன் சென்சர் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. 1976இல் பொஷ் கம்பனி செய்து வொல்வோ கார்களில் முதலில் வந்த பொருள். உம்மா ஆணத்தைக் கொஞ்சம் நாக்கில் வைத்து உப்புப் பார்ப்பது போல, அது புகையில் மிஞ்சிய ஒட்சிசனைப் பார்க்கும். ஒரு கிலோ பெற்றோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெற்றோல் கூடினால் 0.9 வோல்ட் அளவில் காட்டும், குறைந்தால் 0.1 அளவில். கம்பியூட்டர் அதைப் பார்த்துத்தான் பெற்றோலைக் கூட்டும், குறைக்கும்.

தம்பியின் காரில் புதுக்குழாயின் ஒட்டில் வெடிப்பு. அதனால் சென்சருக்கு முன்னாலேயே வெளிக்காற்று உள்ளே போகிறது. சென்சர் என்ன நினைக்கும்? பெற்றோல் போதவில்லை என்று நினைக்கும். கம்பியூட்டர் இன்னும் ஊற்றும். சென்சர் பழுதில்லை. அது தனக்குக் கிடைத்ததைச் சொல்கிறது, அவ்வளவுதான்.

கன்வேட்டருக்குப் பின்னால் இன்னொரு சென்சர் உண்டு. கன்வேட்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பது அது. லைட் எரியாமல் இருக்க, அதற்கும் குழாய்க்கும் நடுவில் ஒரு சின்ன இரும்புத் துண்டைப் பூட்டி, புகையிலிருந்து தள்ளி வைத்துவிடுகிறார்கள். பரீட்சை மேற்பார்வையாளருக்கு மண்டபத்துக்கு வெளியே கதிரை போட்டுக் கொடுப்பது மாதிரி. தம்பியின் காருக்கு அடுத்ததாக அதைத்தான் செய்வதாக இருந்தார்களாம்.

இதுவரை சொன்னது பணநட்டம். வாசலால் போகும்போதுதான் தம்பி வேறொன்று சொன்னார். உம்மாவை பண்டாரவளைக்கு கிளினிக் கூட்டிப்போன நாளில் தெமோதரை தாண்டியதும் அவருக்குத் தலையிடியும் வாந்தியும். மழை, கண்ணாடிகள் எல்லாம் மேலே, புளோவர் ஓடுகிறது. "உம்மாக்கு வளைவு ஒத்துக்கொள்ளாது சேர்" என்றார்.

நான் டொக்டர் இல்லை, புகையால்தான் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் வெளிக்காற்று உள்ளே போகும் அதே வெடிப்பால் புகை வெளியேயும் வரும். காபனோரொட்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. இரத்தத்தில் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஈமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். அதைக் காபனீரொட்சைட்டாக மாற்றத்தான் அந்தக் கன்வேட்டர் இருந்தது. அதை விற்றாயிற்று. இதைச் சொன்னதும் தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை.

தம்பிமாரின் ஆசை எனக்குப் புரியாமல் இல்லை. தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தை நானும் வேலியோரம் நின்று பார்த்தவன். (2024 ஏப்ரல் 21ஆம் திகதி அங்கே ஏழு பேர் இறந்த பிறகு எனக்குப் போக மனம் வரவில்லை, அது வேறு கதை.) பந்தயக் கார் பூட்டிய திடலில் சில சுற்று ஓடிவிட்டு லொறியில் ஏறி வீட்டுக்குப் போகும். நம் கார் பிள்ளையை ஸ்கூலில் விடுகிறது, மையித்து வீட்டுக்குப் போகிறது, ஆஸ்பத்திரி வாசலில் எஞ்சினை நிறுத்தாமல் நிற்கிறது. நாலு பக்கமும் மலை சூழ்ந்த ஊர் இது. விடிகாலையில் விட்ட புகை வெயில் ஏறும்வரை அப்படியே கிடக்கும்.

என் கோபம் தம்பிமாரில் பாதிதான். மீதி கெராஜ் நாநாமாரில். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று ஐந்து வருடம் பழைய காரெல்லாம் பொன்விலைக்கு விற்ற நாட்டில், இருபது வயதுப் பையன் லீசிங்கில் எடுத்த காரைக் கொண்டுவந்து "வெட்டுங்க" என்றால் வெட்டுவதா? எதை எடுக்கிறோம், எடுத்தால் என்ன ஆகும் என்று இரண்டு நிமிடம் சொல்லலாம். கழற்றிய கன்வேட்டரை அவன் கையிலேயே கொடுக்கலாம். சத்தம்தான் வேண்டுமென்றால் கன்வேட்டருக்குப் பின்னால் இருக்கும் சைலன்சரோடு நிற்கலாம். அதுவும் சட்டத்துக்குள் இல்லை என்பது வேறு, ஆனால் யாருக்கும் மூச்சு முட்டாது.

வாப்பாமாரே, மகனின் காருக்குக் கீழே ஒரு தடவை குனிந்து பாருங்கள். விளங்காவிட்டால் விளங்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

தம்பி இப்போது பழைய கன்வேட்டர் ஒன்று தேடி அலைகிறார். கேட்ட விலை, விற்ற விலையின் பல மடங்கு. கிடைக்கும்வரை கார் வீட்டில்தான் நிற்கிறது. உம்மா போன வியாழன் கிளினிக்குக்கு பஸ்ஸில் போய்வந்தார். வளைவெல்லாம் ஒத்துக்கொண்டதாம்.