கல்பாக்கத்துக்கு இயந்திரக் கை, ஆவடிக்கு மனித உடல்

ஆவடியில் எங்கள் தெருவில் போன மாதம் ஒரு வீட்டின் செப்டிக் டேங்க் நிரம்பிவிட்டது. லாரி வந்தது. மேலே நின்ற தண்ணீரைக் குழாய் உறிஞ்சியது. அடியில் இறுகிய கசடு மட்டும் வரவில்லை. "ஆள் இறங்கினாதான் வரும் சார்" என்றார் டிரைவர். வீட்டுக்காரர் மறுக்கவில்லை. கூட வந்த இளைஞர் சட்டையைக் கழற்றினார். நானும் பக்கத்து வீட்டு அக்காவும் சத்தம் போட்டதால் அவர் இறங்கவில்லை. "இன்னைக்குத் தடுத்துட்டீங்கண்ணே. நாளைக்கு வேற தெருவுல இறங்கத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் சொன்னது உண்மை. ஆனால் அவர் இறங்க வேண்டிய அவசியம் எந்தத் தெருவிலும் இல்லை.

1940களின் இறுதியிலேயே அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் ரேமண்ட் கோயர்ட்ஸ் தொலைவிலிருந்து இயக்கும் கைகளை உருவாக்கிவிட்டார். கதிரியக்கப் பொருளை மனிதர் தொடக்கூடாது என்பதே நோக்கம். சுவருக்கு இந்தப் பக்கம் பிடியை அசைத்தால் அந்தப் பக்கம் இயந்திரக் கை அசையும். 1954இல் வந்த மின்மோட்டார் வடிவத்தில், அங்கே தட்டுப்படும் எதிர்விசை இங்கே இயக்குபவரின் கைக்குத் தெரிந்தது. இன்றைய விர்ச்சுவல் ரியாலிட்டி கையுறைகளுக்கு முன்னோடி இதுதான். பிடிக்கு 'எஜமான்', இயந்திரக் கைக்கு 'அடிமை' என்று பெயர் வைத்தார்கள். அங்கே அடிமை இரும்பு. இங்கே?

கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் கதிரியக்க எரிபொருளைச் சோதிப்பவர்கள் தடித்த கண்ணாடிக்குப் பின்னால் நின்று இப்படிப்பட்ட கைகளைத்தான் இயக்குகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் மலக்குழியின் ஹைட்ரஜன் சல்பைடும் கொல்லும் நஞ்சுதானே? ஒரு நஞ்சுக்கு இயந்திரக் கை, இன்னொரு நஞ்சுக்கு மனித உடல் என்று பிரித்தது எது? தொழில்நுட்பக் குறைபாடு அல்ல, சாதி.

2013ஆம் ஆண்டுச் சட்டம் மலக்குழியில் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. மலக்குழி மரணத்துக்கான இழப்பீட்டை 2023இல் உச்ச நீதிமன்றம் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. இருந்தும் சாவு நிற்கவில்லை.

கருவியும் இருக்கிறது. கேரளத்தின் பாண்டிகூட் ரோபோவை மேலே நின்றபடியே இயக்கலாம். சென்னை ஐஐடியின் ஹோமோசெப், குழிக்குள் குடைபோல் விரியும் கத்திகளால் இறுகிய கசடைக் கலக்கிவிடும். பிறகு குழாயே உறிஞ்சிக்கொள்ளும். எங்கள் தெருவில் அன்று தேவைப்பட்டது இதுதான். அதன் முதல் இயந்திரங்கள், துப்புரவுப் பணியில் கணவரைப் பலிகொடுத்த பெண்கள் நடத்தும் சுயஉதவிக் குழுக்களுக்குத் தரப்பட்டன.

நாம் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த வழியைத்தான். இயந்திரம் ஒப்பந்ததாரர் கைக்குப் போனால் லாபம் அவருக்கு, வேலையிழப்பு அந்த இளைஞருக்கு. தொழிலாளர் கூட்டுறவுகளுக்கே அது சொந்தமாக வேண்டும். ஆவடி மாநகராட்சியும் பூந்தமல்லி நகராட்சியும் லாரி வாடகைக்கு மிகாத கட்டணத்தில் அதை வீட்டு வாசலுக்கு அனுப்ப வேண்டும். விரும்புகிறவருக்கு வேறு வேலையும் வேண்டும். ஏனென்றால் பிடியை அசைக்கும் வேலையும் அதே சாதிக்கு என்று ஒதுக்கப்பட்டால், மாறுவது ஆபத்து மட்டும்தான், இழிவு அல்ல.

தோழர்களே, அடுத்த முறை லாரி உங்கள் வீட்டுக்கே வரும். ஆள் இறங்க வேண்டும் என்று சொன்னால், முதல் மறுப்பு உங்களுடையதாக இருக்கட்டும். அடுத்த வேலையாக, இயந்திரம் எங்கே என்று கேட்டு மாநகராட்சிக்கு மனு எழுதுங்கள்.