விற்றவர் தீர்க்க வேண்டிய கடன்

குறைகளோடு வெளிவந்துவிட்ட ஒரு ஸ்ட்ராடஜி கேமை, அதைப் படைத்த ஸ்தாபனத்தார் பேட்ச் மேல் பேட்ச் போட்டுச் செப்பனிட வேண்டுமா, அல்லது அதை அப்படியே கைவிட்டு ‘அடுத்த பாகம்’ என்று வேறொன்றை விற்கப் புறப்படலாமா என்ற விவாதம், செபராங் பிறையின் புக்கிட் தெங்கா போன்ற தொழிற்பேட்டை ஊர்களில் ஷிப்டு முடிந்து வந்து கணினி முன் அமரும் நம் இளைஞர்களுக்குப் புதிதன்று. விளையாட்டுச் சமாசாரம்தானே என்று பெரியவர்கள் இதை ஒதுக்கிவிடலாகாது. விலை வாங்கிக்கொண்டவரின் பொறுப்பு எந்த இடத்தில் முடிகிறது என்ற தர்ம நியாயம் இதற்குள் அடங்கியிருக்கிறது.

செப்பனிடுவதே முறை என்பது என் அபிப்பிராயம். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2’ என்ற ஸ்ட்ராடஜி கேம் 1999-இல் வெளிவந்தபோது அதில் இந்தியாவுக்கே இடமில்லை. அதைப் படைத்த என்செம்பிள் ஸ்டூடியோஸ் 2009-இல் மூடப்பட்ட பிறகு, ரசிகர்கள் சிலர் தாமே கூடி அதை விஸ்தரிக்கத் தொடங்க, அந்தப் பிரயத்தனமே 2013-இல் அதிகாரபூர்வமான விரிவாக்கமாக ஏற்கப்பட்டது. அதிலும் இமயம் முதல் குமரி வரையுள்ள சகல ஜனங்களும் ‘இந்தியர்’ என்ற ஒரே அணிக்குள் அடைக்கப்பட்டிருந்தனர். 2022 ஏப்ரலில்தான் அந்த அணி நான்காகப் பிரிந்து, சுருள்வாள் வீசும் உருமி வீரரும், அம்புமாரி பொழியும் திரிசடைக் கப்பலும், தமிழிலேயே மறுமொழி கூறும் குடிமக்களும் கொண்ட திராவிடர் அணி தனியே தோன்றியது; ராஜேந்திர சோழனை நாயகனாகக் கொண்ட போர்த்தொடரும் உடன் வந்தது. 1800 வரையில் கெடாவைச் சேர்ந்திருந்த இந்த செபராங் பிறை மண்ணில் பிறந்து, சுமார் 1025-இல் கடாரம் என்ற அந்தக் கெடாவின் மீது வந்த சோழர் கடற்படையைப் பற்றிப் புத்தகத்தில் மட்டுமே படித்திருந்த ஒரு தமிழ்ப் பிள்ளை, கடாரங்கொண்டானான அந்த ராஜேந்திரனின் சேனையைத் தன் கையால் நடத்தும்போது அடையும் உவகையைப் புதிய பாகம் எதுவும் அவனுக்குத் தரவில்லை. 2021-இல் நான்காம் பாகம் வெளிவந்தபோது அதில் பாரதத்தின் பிரதிநிதியாக அமைந்தது டெல்லி சுல்தானகம் ஒன்றே.

அந்தத் திருத்தமும் பூரணமானதன்று. திராவிடர் அணி கடலில் வலிமை பெற்றிருந்தாலும், கனத்த குதிரைப்படை இல்லாத காரணத்தால் தரையில் தடுமாறியது. இந்த விரிவாக்கத்தைத் தனி விலைக்கு விற்றார்களே என்று குறைகூறுவோரும் உண்டு. புதிய உழைப்புக்கு விலை கேட்பது நியாயம், பழைய பிழையை நீக்குவதற்கு விலை கேட்பதுதான் அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

அஸ்திவாரமே கோணலாக அமைந்துவிட்டால் என்ன செய்வது என்ற ஆட்சேபம் வலுவானது. ஸ்டார்டாக் என்ற அமெரிக்க நிறுவனம் 2010 ஆகஸ்டில் வெளியிட்ட ‘எலிமெண்டல்: வார் ஆஃப் மேஜிக்’ அத்தகையது, எத்தனை பேட்ச் போட்டும் தேறவில்லை. நிறுவனத் தலைவர் பிராட் வார்டெல் குறையைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். 2012-இல் ‘ஃபாலன் என்சான்ட்ரஸ்’ என்ற புதிய கேம் வந்தபோது, முந்தையதை ஆரம்பத்திலேயே வாங்கி ஏமாந்தவர்களுக்கு அது இலவசமாக அளிக்கப்பட்டது. அவ்விதம் வருகின்ற அடுத்த பாகத்துக்கு எனக்கு ஆட்சேபம் ஏதுமில்லை.